பாலாய்த் தூணும் என் கணவரின் லோரியும்

என் கணவர் குடியை விட்டு அது ஏழாவது வருடம். நான் அப்போது செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து காலை ஐந்தரைக்கு ஃபேக்டரி பஸ் கிளம்பும். ஏறி உட்கார்ந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நான் தூங்க மாட்டேன். நெடுஞ்சாலை ஓரம் செம்பனை மரங்கள் இருட்டிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே போவேன். எனக்கு முன்சீட்டில் உட்காரும் மலாய்க்கார அக்கா திரும்பிப் பார்க்காமலேயே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்றைப் பின்னால் நீட்டுவார். வாரத்தில் மூன்று நாள் அவர் முறை, இரண்டு நாள் என் முறை. என் முறைக்கு இட்லி. அவருக்கு எங்கள் வீட்டுத் தேங்காய்ச் சட்டினி என்றால் உயிர்.

தொழிற்சாலையில் பிரிண்டருக்கான தகட்டு மூடிகள் செய்தார்கள். நான் தரம் பார்க்கும் கியூசியில் இருந்தேன். வெள்ளை விளக்கின் அடியில் ஒவ்வொரு மூடியையும் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கீறலோ நசுங்கலோ இருந்தால் ஒதுக்க வேண்டும். அதோடு வேலை முடியாது. அந்த அடி எங்கே பட்டது என்று சீட்டில் எழுத வேண்டும். அச்சிலேயே வந்த குறையா, பெட்டியில் அடுக்கும்போது பட்டதா, வண்டியில் வரும்போது உரசியதா என்று பார்த்தே சொல்ல வேண்டும். நான் தவறாக எழுதினால் தப்பு செய்யாத ஒருத்தர் திட்டு வாங்குவார். புதிதாகச் சேர்ந்தபோது அப்படி ஒரு பெண் என்னால் அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு நான் அவசரப்பட்டு எழுதியதில்லை. பதினொரு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்து, அடிபட்ட பொருள் எதுவானாலும் முதலில் தொடாமல் சுற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் ஆறு சக்கர லோரி ஓட்டினார். எங்கள் வீட்டுச் சந்து குறுகலானது, லோரி நுழையாது. அதனால் தாமான் மண்டபத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் நிறுத்துவார். மண்டபம் என்று நான் எழுதுகிறேன், அங்கே எல்லாரும் பாலாய் என்றுதான் சொல்வார்கள். எஸ்டேட்டை விட்டு வந்த குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த தாமான் அது. கல்யாணப் பேச்சு, பிள்ளைகள் டியூஷன், பொங்கல், இரங்கல் கூட்டம் எல்லாமே அந்த மஞ்சள் கட்டடத்தில்தான்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம். மத்தியானம் பெய்த மழை அப்படிப்பட்ட மழை. ஃபேக்டரிக் கூரை மேல் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ஆறு மணிக்கு பஸ் எங்கள் முனையில் நின்றபோது மழை விட்டிருந்தது. பாலாய் முன்னால் இருபது பேர் நின்றார்கள். முன்வாசல் தூண்களில் இடது பக்கத்துத் தூண் உடைந்திருந்தது. அதன் மேல் இருந்த தகரப் பந்தல் ஒரு பக்கமாகத் தொங்கியது. லோரி வழக்கமாக நிற்கும் இடம் அந்தத் தூணுக்கு நேராகத்தான். இப்போது அங்கே லோரி இல்லை.

எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"உன் வீட்டுக்காரரு லோரிய ரிவர்ஸ் எடுத்து இடிச்சிட்டாரு லா. டமார்னு சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பாத்தேன், லோரி போய்கிட்டிருக்கு."

யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எல்லாரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி சமயத்தில் இதே பாலாயின் கேட்டை என் கணவர் குடிபோதையில் லோரியால் இடித்துச் சாய்த்திருந்தார். மறுவாரம் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அன்றோடு குடியை விட்டார். அதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆனால் அந்தக் கேட் விழுந்ததையும் பார்த்திருந்தார்கள்.

வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் ஈரத் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டு நின்றார்.

"இடிச்சீங்களா?"

"இல்ல."

"பின்ன எப்படி உடைஞ்சிச்சு?"

"இடி விழுந்துச்சு. வண்டிக் கண்ணாடி திறந்து கெடந்துச்சேன்னு மழையிலே ஓடுனேன். உள்ள ஏறி உக்காந்தேன், விழுந்துச்சு. ஒரே வெள்ளையா இருந்துச்சு. அப்புறம் பாத்தா பந்தல் தொங்குது. பின்னாடி விழுந்துடப் போவுதுன்னு வண்டிய எடுத்துக்கிட்டு ரோட்டு முனைக்குப் போயிட்டேன். காது இன்னும் கொய்ங்குனு இருக்கு."

அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. கை நடுங்குவதை நான் பழைய நாட்களில் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. தலையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று சொல்லிக் கிட்டே போனேன். அவர் தலைமுடியில் கையை வைத்தபடி மூச்சை இழுத்தேன். சோப்பு வாசனையும் செம்பனை எண்ணெய் வாசனையும்தான் வந்தன. ஆனாலும் இன்னொரு தடவை இழுத்தேன். அவர் அசையாமல் நின்றார். நான் எதற்காகக் கிட்டே வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் விலகியதும் துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் பாலில்லாத தே ஓ டீ கலக்க ஆரம்பித்தார்.

ஏழரை மணிவாக்கில் பாலாய்த் தலைவர் வந்தார். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்களோடு எங்கள் மாதிரியேதான் பேசுவார். மனசு கலங்கினால் மட்டும் அவர் வீட்டுத் தமிழ் வெளியே வரும். தாமானில் எல்லாரும் அவரை அங்கிள் என்று கூப்பிடுவோம்.

"தம்பி, இடிச்சது பெரிசில்ல. மழையில கண்ணு தெரிஞ்சிருக்காது. அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லிடுங்க. அதோட விட்டுடலாம்."

"போன தடவ சொன்னேன் அங்கிள். ஏன்னா போன தடவ இடிச்சேன். இந்தத் தடவ இடிக்கல."

"இடி விழுந்திருந்தா எரிஞ்சிருக்கணும் இல்ல? ஒரு கரும்புள்ளி இல்லியே."

"அது எனக்குத் தெரியாது. நான் இடிக்கல."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். அன்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை இன்று நினைத்தாலும் முகம் சுடுகிறது.

மறுநாள் காலை, வெளிச்சம் வந்ததும் பாலாய்க்குப் போனேன். கணவரைக் காப்பாற்றப் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அது இல்லை. அவர் பொய் சொல்கிறாரா என்று பார்க்கத்தான் போனேன்.

பழக்கம் விடவில்லை. முதலில் தொடாமல் சுற்றி வந்தேன். தூணின் தலைப்பகுதி வெடித்து உள்ளே இருந்த கம்பி தெரிந்தது. அடிப்பகுதியும் முழங்கால் உயரம் வரை பெயர்ந்திருந்தது. நடுவில் ஒன்றும் ஆகவில்லை. நான் அங்கேயே நின்றேன். நடுவில் மஞ்சள் பூச்சில் ஒரு விரிசல்கூட இல்லை. கொசு ஒழிப்புக்கு எல்லாரும் வந்து கூட்டிப் பெருக்க வேண்டும் என்று போன வாரம் ஒட்டிய நோட்டீஸ் அங்கே அப்படியே இருந்தது. மழையில் மை கரைந்திருந்தது. தாளின் நான்கு மூலையும் செலோட்டேப்போடு ஒட்டியபடி இருந்தன.

என் கணவரின் லோரிக்குப் பக்கத்தில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். அதன் பின்கதவு என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி என் தலைக்குக் கொஞ்சம் மேலே முடியும். நான் தூணோடு ஒட்டி நின்று பார்த்தேன். அந்த நோட்டீஸ் என் முகத்துக்கு நேராக இருந்தது. லோரி பின்னால் வந்து மோதியிருந்தால் முதலில் மோத வேண்டியது அந்தத் தாள்மேல்தான். தலைக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் உடைத்துவிட்டு நடுவில் ஒரு தாளைக் கிழிக்காமல் விடுகிற லோரி எங்கே இருக்கிறது?

அப்புறம் தரையைப் பார்த்தேன். ஒரு பக்கத்திலிருந்து மோதினால் பெயர்ந்த துண்டுகள் மறுபக்கம் விழும். இங்கே ரோட்டுப் பக்கம் கிடந்தன, திடல் பக்கம் கிடந்தன, கால்வாய்க்குள்ளும் கிடந்தன. உள்ளேயிருந்து ஏதோ பிதுங்கி வெடித்த மாதிரி நாலா பக்கமும் சிதறியிருந்தன. மேலே, மழைநீர்த் தகரத்தைத் தாங்கும் இரும்புக் கொக்கி தூணுக்குள் நுழைகிற இடத்தில், இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. ஃபேக்டரியில் வெல்டிங் பட்ட தகட்டில் அந்த நிறத்தை நான் தினமும் பார்க்கிறவள்.

அங்கிருந்து ரோட்டு முனைக்கு நடந்தேன். லோரியின் பின் மூலையில் ஒரு நசுங்கல் இருந்தது உண்மைதான். நேற்றே இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். நசுங்கலின் மடிப்புக்குள் துரு பழுப்பாக ஏறியிருந்தது. காய்ந்த செம்பனை நார் ஒன்று அதில் சிக்கியிருந்தது. ஒரு ராத்திரியில் அப்படித் துரு ஏறாது. மஞ்சள் பெயின்ட் ஒரு பொட்டுகூட இல்லை. படிமேல் ஏறி, டிரைவர் உட்காரும் பகுதியின் கூரையைப் பார்த்தேன். தூணுக்கு லோரியின் பின்பக்கம்தான் இருந்தது. கூரையோ முன்பக்கம். அதன்மேல் விரல் நகம் அளவுக்கு, கட்டைவிரல் அளவுக்கு என்று மஞ்சள் பூச்சோடு சிமெண்ட் சில்லுகள் கிடந்தன. மழைத் தண்ணீர் காய்ந்து அவை கூரையோடு ஒட்டியிருந்தன. மேலே வெடித்துப் பறந்து வந்து விழுந்த துண்டுகள்.

லோரிப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பக்கத்தில் இடி விழுந்திருக்கிறது. அவர் உள்ளே இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கை நடுங்க நின்றவரிடம் நான் வாசனை பிடித்திருக்கிறேன்.

வீட்டில் அவர் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சமையல் அவருடையது.

"நீங்க சொன்னது சரிங்க," என்றேன்.

"என்ன சரி?"

"இடிதான் விழுந்திருக்கு."

அவர் நிமிரவில்லை. "நேத்தே சொன்னேனே," என்றார். கத்தி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

நான் நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். தூணையும் லோரியையும் கைபேசியில் எடுத்த படங்களைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நோட்டீஸ் படத்தில் நிறுத்தினார்.

"லோரி இடிச்சிருந்தா இந்தத் தாள் கிழிஞ்சிருக்கணும் அங்கிள்."

"ம். ஆனா அந்த அக்கா பாத்தேன்னு சொல்றாங்களேம்மா."

"அவங்கள கேப்போம், வாங்க."

அக்கா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் மெதுவாகத்தான் கேட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, கேட்டதையும் பார்த்ததையும்தான் சொன்னார்.

"அக்கா, லோரி தூணுல மோதுறத பாத்தீங்களா?"

"மோதுறத பாக்கல. சத்தம் கேட்டுத்தானே எட்டிப் பாத்தேன். அப்ப லோரி போய்கிட்டிருந்துச்சு."

"சத்தம் கேக்கறப்ப என்ன செஞ்சிகிட்டு இருந்தீங்க?"

"டிவி பாத்துகிட்டிருந்தேன். அந்த சத்தத்தோட டிவியும் அவுட்டு. இன்னும் வேல செய்யல. கடைக்காரன் நாளைக்கித்தான் வரேன்..."

பாதியில் நிறுத்தினார். கையில் இருந்த ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அலமாக்," என்றார் மெதுவாக. "லோரி இடிச்சா டிவி எப்படிப் போவும்?"

தலைவர் திரும்பி நடந்தார். வீட்டுக்குப் போய் பாலாய்ச் சாவியோடு வந்தார். வியாழக்கிழமை டியூஷன் முடிந்து பூட்டியது, அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. சாவி அவரிடம் மட்டும்தான். கதவைத் திறந்ததும் கருகின பிளாஸ்டிக் வாசனை வந்தது. உடைந்த தூண் பக்கத்துச் சுவரில் இருந்த சுவிட்ச் பலகை, திருகாணிகளோடு பிடுங்கிக்கொண்டு வந்து மண்டபத்தின் நடுவில் கிடந்தது. அது இருந்த இடத்தில் சுவர்மேல் ஒரு கரிய நாக்கு மேல்நோக்கி நீண்டிருந்தது. வெளியே இல்லையே என்று அவர் சொன்ன கரும்புள்ளி உள்ளே இருந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். வெளியே போய் நோட்டீஸின் உயரத்தை அளந்தார். ரோட்டு முனைக்கு நடந்து லோரியின் பின்கதவை அளந்தார். நான் கூடவே போனேன். நாடா சுருண்டு உள்ளே போனதும், "முப்பது வருசமாக் கட்டிடம் பாத்தவன். ஒருக்கா வந்து சுத்திப் பாத்திருக்க வேணும். பாக்காமல் கதைச்சிட்டன், பிள்ளை," என்றார்.

"நானும் பாக்காமத்தான் இருந்தேன் அங்கிள்," என்றேன். நான் வாசனை பிடித்தது அவருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. என் கணவர் உள்ளே வர மாட்டேன் என்று கதவோரம் நின்றார். தலைவர் எழுந்து, தூண் உடைந்தது இடியால்தான், லோரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னார். அதோடு உட்காரவில்லை. கதவுவரை நடந்து வந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி அங்கிள், சரி, பந்தல எப்ப சரி பண்றது?" என்று என் கணவர் கேட்டார். கூட்டம் சிரித்துவிட்டது.

தூணை அவர்கள் இரண்டு பேருமே சேர்ந்து கட்டினார்கள். மணலும் சிமெண்டும் லோரியில் வந்தன. தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பி இப்படி, பலகை அப்படி என்று சொல்வார். என் கணவர் அதற்கு நேர்மாறாகச் செய்வார். பிறகு இருவரும் சண்டை போட்டுவிட்டு டீ குடிப்பார்கள். குளுவாங்கிலிருந்து ஒரு சீனக் கரண்ட்காரர் வந்து கூரையிலிருந்து தரைக்கு இடிதாங்கிச் செம்புப் பட்டை இறக்கிக் கொடுத்தார். கம்பி வழி ஓடிய மின்னல், தூணுக்குள் ஊறியிருந்த மழைத் தண்ணீரை ஒரு நொடியில் ஆவியாக்கி வெடிக்கவைத்திருக்கும் என்று அவர்தான் விளக்கினார். ஈரம் அதிகம் இறங்கின இடங்களில் வெடித்திருக்கிறது, ஈரம் இல்லாத நடுப்பகுதி தப்பித்தது.

அந்தத் தூண் வேலையில் தொடங்கிய பழக்கம் நின்றுபோகவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, விடிந்ததும் லோரியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து மெர்சிங்குக்கு மீன் வாங்கப் போவோம். காஹாங் தாண்டினால் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். தலைவர் ஜன்னல் ஓரம், நான் நடுவில். அவர் பொதுப்பணித் துறையில் போட்ட பாலங்களை எண்ணிக்கொண்டே வருவார். இது நாங்க போட்டது, அது எங்களுக்கு முன்னாடி போட்டது என்பார். என் கணவர் ஒவ்வொரு பாலத்திலும் வேண்டுமென்றே ஹாரன் அடிப்பார்.

அப்படி ஒரு நாள் மெர்சிங் படகுத்துறையில் தலைவர் மீன்காரரோடு மலாயில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் தீவுக்குப் போகிற படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் கணவர் திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கு மோந்து பாத்த, இல்ல?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆமாங்க. ரெண்டு தடவ."

"தெரியும்."

"அன்னிக்கே திட்டியிருக்கலாமில்ல."

"எதுக்குத் திட்டணும்? ஆறு வருஷம் குடிச்சு உன்ன அப்படிப் பழக்கியிருக்கேன். நான் உன் இடத்துல இருந்தா நானும்தான் மோந்து பாத்திருப்பேன்." பிறகு படகுப் பக்கம் திரும்பி, "ஆனா காலையில போயி பாத்தியே. அது போதும்," என்றார்.

அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

பிறகு வருடங்கள் வேகமாகத்தான் ஓடின. தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. கடைசி நாள் பஸ்ஸில் ஒருத்தரும் தூங்கவில்லை. மலாய்க்கார அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். தலைவர் தன் மகன் வீட்டோடு ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அழைத்து, வெகுநேரம் பேசுவார். என் கணவர் லோரியை விற்றுவிட்டு, நான்கு வருடங்களுக்கு முன் நெஞ்சுவலியில் போனார். போகும்வரை ஒரு சொட்டுகூடத் தொடவில்லை.

இப்போது என் தங்கை மகள் விடுமுறைக்கு வந்தால் காரில் மெர்சிங்குக்குக் கூட்டிப் போவாள். நல்ல கார், ஏசி, பாட்டு எல்லாம் உண்டு. நான் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கச் சொல்வேன். ஜெமாலுவாங் நெருங்கும்போது உப்புக் காற்று வரும். "சளி பிடிக்கப் போவுது பெரியம்மா," என்பாள். ஆனாலும் இறக்கிவிடுவாள். நான் ஜன்னல் ஓரம் சாய்ந்துகொண்டு, பாலங்கள் வரும்போது வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு போவேன்.